ஹவுஸ் சர்ஜன் கையில் ஸ்மார்ட் பேண்ட்

இளம் டாக்டர்கள், நர்ஸ்களின் தூக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கையில் கட்டும் கருவியைப் பற்றித்தான். அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்த்த காலத்தில் ஊழியர்களுக்கான கிளினிக்கும் என் பொறுப்பில் இருந்தது. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் இதற்கே.

*என் மகள் அரசு மருத்துவக் கல்லூரியில் சிஆர்ஆர்ஐ (ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர்). பிறந்த நாளுக்கு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தோம். அதன் ஆப்பை என் போனிலும் அவள் அப்பா இணைத்துவிட்டார். தினமும் காலையில் பார்க்கிறேன். 3 மணி 40 நிமிடம், 4 மணி 5 நிமிடம் என்று சிவப்பில் வருகிறது. போன் செய்து ஏன் தூங்கவில்லை என்று கேட்டால் எரிந்து விழுகிறாள். போன வாரம் வாட்சையே கழற்றிவிட்டாள். இப்போது எனக்குத்தான் தூக்கம் இல்லை.*
*– ஓர் அம்மா, கோவில்பட்டி*

முதலில் அந்த ஆப்பை உங்கள் போனிலிருந்து எடுத்துவிடுங்கள் அம்மா. கோபித்துக்கொள்ள வேண்டாம். மகள் ஏன் தூங்கவில்லை என்பதற்கான பதில் அதில் இல்லை, யூனிட்டின் டியூட்டி ரோஸ்டரில் இருக்கிறது.

அட்மிஷன் நாள் என்றால் என்ன என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். காலை ஏழரைக்கு வார்டில் ரத்தம் எடுப்பதில் தொடங்கும். அப்புறம் ஓபி. ஓபி முடிந்ததும் கேஷுவால்டியிலிருந்து ஒவ்வொன்றாக வரும் கேஸ்கள். விஷம் குடித்தவர், மூச்சு வாங்கும் தாத்தா, சர்க்கரை 500-க்கு மேல் போனவர். இரவு முழுக்க இது ஓடும். விடிந்தால் சீஃப் ரவுண்ட்ஸ். அதற்குள் எல்லா கேஸ் ஷீட்டும் எழுதி, எக்ஸ்ரே ஒட்டி, லேப் ரிசல்ட் வாங்கி வைத்திருக்க வேண்டும். ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு டிஸ்சார்ஜ் எழுதும் வேலை. இப்படிப்பட்ட நாளில் 3 மணி 40 நிமிடம் தூங்கியிருக்கிறாள் என்றால், அவளோடு டியூட்டி பார்த்த சிஆர்ஆர்ஐ நல்ல பிள்ளை என்று அர்த்தம். இருவரும் மாற்றி மாற்றிப் படுத்திருக்கிறார்கள்.

அந்த எண்ணையும் முழுதாக நம்ப வேண்டியதில்லை. கையின் அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்து வாட்ச் தூக்கத்தை ஊகிக்கிறது. அசையாமல் விழித்துப் படுத்திருந்தாலும் தூக்கம் என்று எழுதிவிடும். டியூட்டி ரூமில் உட்கார்ந்தபடியே அரை மணி நேரம் கண்ணயர்ந்ததைப் பல கருவிகள் கணக்கில் சேர்ப்பதே இல்லை. உங்கள் மகள் ஆஸ்டலுக்கு வந்து மத்தியானம் போட்ட தூக்கம் வேறொரு பக்கத்தில் இருந்திருக்கலாம், நீங்கள் காலைப் பக்கத்தை மட்டும் பார்த்திருக்கலாம்.

ஆனாலும் உங்கள் கவலை வீண் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் ஸ்ரீஜன் சென் 2007 முதல் முதலாண்டு டாக்டர்களைத் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறார். 2010-இல் வெளிவந்த அவரது கட்டுரையில் 13 மருத்துவமனைகளைச் சேர்ந்த 740 பேர் இருந்தார்கள். வேலையில் சேரும் முன் மனச்சோர்வு அளவைத் தொட்டவர்கள் 3.9 சதவீதம். வேலை ஆண்டில் எடுத்த கணக்குகளின் சராசரி 25.7 சதவீதம். பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான், மாறியது வேலை மட்டும். பின்னர் அதே ஆய்வில் ஃபிட்பிட் பட்டையும் சேர்ந்தது. அதோடு ஒரு ஆப்பில் தினமும் ‘இன்று மனநிலை எப்படி’ என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் போட வேண்டும். 2021-இல் 2,100-க்கும் மேற்பட்டவர்களின் ஓராண்டுப் பதிவைப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. எவ்வளவு நேரம் தூங்கினார்கள் என்பது போலவே, படுக்கும் நேரமும் எழும் நேரமும் நாளுக்கு நாள் எவ்வளவு தாறுமாறாக மாறுகின்றன என்பதும் மனச்சோர்வோடு சேர்ந்தே வருகிறது.

இதில் உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. டியூட்டி முடிந்து அவள் படுக்கும் நேரத்தில் போன் செய்யாதீர்கள். ஆஃப் நாள் எது என்று கேட்டு வைத்துக்கொண்டு அன்று மாலை பேசுங்கள். எண்ணைப் பற்றி மூச்சு விட வேண்டாம். மெஸ்ஸில் என்ன போட்டார்கள் என்று கேட்டால் போதும், மீதி தானாக வரும். ஆஃப் நாளிலும் எடுக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ‘இந்தப் படிப்புக்கே வந்திருக்கக் கூடாது’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள், உயிரோடு இருந்து என்ன பயன் என்பது போல ஏதாவது வாயிலிருந்து வருகிறது என்றால் அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். நீங்களும் பேசலாம், அவளும் பேசலாம்.

*என் எச்.ஆர்.வி 24-ஐத் தாண்டுவதில்லை. ரூம் மேட்டுக்கு 70. ஸ்ட்ரெஸ் ஸ்கோர் எப்போதும் ‘ஹை’. கேஷுவால்டியில் கேஸே இல்லாமல் உட்கார்ந்திருந்தாலும் ஹை. எனக்கு பர்ன் அவுட் ஆகிவிட்டதா? காலையில் ஸ்கோரைப் பார்த்ததுமே அன்றைய நாள் போய்விடுகிறது.*
*– 23 வயது ஹவுஸ் சர்ஜன், மதுரை*

டாக்டர் தம்பி, நெஞ்சு வலி என்று வந்தவருக்கு ஈசிஜி எடுத்தால் பக்கத்து பெட்காரரின் ஈசிஜியோடு வைத்தா பார்ப்பீர்கள்? பழைய ஈசிஜி இருக்கிறதா என்றுதானே கேட்பீர்கள்? எச்.ஆர்.வியும் அப்படியே. துடிப்புக்குத் துடிப்பு உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு அது. வயது, உடல்வாகு, உடற்பயிற்சி என்று பல காரணங்களால் ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். உங்கள் 24 உங்களுக்கு இயல்பாகவே இருக்கலாம். ரூம் மேட்டின் 70-ஐ அவரிடமே விட்டுவிடுங்கள்.

பட்டையின் அடியில் பச்சையாக மினுங்குகிறதே, அந்த ஒளியை ரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை எண்ணித்தான் நாடி சொல்கிறது. கை ஆடினால், பட்டை தளர்வாக இருந்தால் கணக்குக் குழம்பும். பகலில் வார்டில் ஓடிக்கொண்டே எடுத்த எச்.ஆர்.விக்கு நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன். தூக்கத்தில் எடுத்தது பரவாயில்லை. அதுவும் காய்ச்சல், முந்தின இரவு உள்ளே போன பீர், தண்ணீர் குடிக்காதது என எதனாலும் சரியும். ‘ஸ்ட்ரெஸ்’ என்று திரையில் வருவது பெரும்பாலும் இந்த நாடிக் கணக்கிலிருந்து பிழிந்தெடுத்த எண். லிஃப்ட் வேலை செய்யாமல் நாலு மாடி ஏறியதா, அசிஸ்டென்ட் புரொபசர் எல்லார் முன்னாலும் திட்டியதா என்று அதற்குத் தெரியாது. ஆழ்ந்த தூக்கம் 38 நிமிடம் என்று சொல்வதையும் தள்ளுங்கள். தூக்கத்தின் நிலைகளைச் சரியாகப் பிரிக்க மூளை அலை பார்க்க வேண்டும், மணிக்கட்டு போதாது.

ஸ்கோரைப் பார்த்ததும் சோர்ந்துபோவதாக எழுதியிருக்கிறீர்கள். தூக்கத்தை அளக்கும் கருவியாலேயே தூக்கம் கெட்டுப்போய் வந்தவர்களைப் பற்றி 2017-லேயே அமெரிக்காவில் மருத்துவக் கட்டுரை வந்துவிட்டது. காலையில் பார்ப்பதை நிறுத்துங்கள். ஞாயிறு மாலை ஒரு முறை, வாரச் சராசரியை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு போஸ்டிங்கிலும் அது எப்படி மாறுகிறது என்று குறித்து வையுங்கள். மெடிசினில் இருந்ததைவிட ஓஜி (மகப்பேறு) போஸ்டிங்கில் ஓய்வு நேரத் துடிப்பு கூடி, மூன்று நான்கு வாரமாக அப்படியே நின்றால் அது கவனிக்க வேண்டிய செய்தி.

பர்ன் அவுட்டை, அதாவது வேலையால் வரும் அடியோடு சோர்ந்த நிலையை, எந்த வாட்சும் அளக்காது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடம் சார்ந்த நிலை என்றுதான் வைத்திருக்கிறது. மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க உங்களிடமே கருவி இருக்கிறது, சைக்கியாட்ரி போஸ்டிங்கில் பேஷண்டுகளுக்குப் போட்டிருப்பீர்கள்: பி.எச்.க்யூ-9. ஒன்பது கேள்வி, மூன்று நிமிட வேலை. பொய் சொல்லாமல் போடுங்கள். 10-ம் அதற்கு மேலும் வந்தால் சைக்கியாட்ரி ஓபிக்குப் போங்கள், உங்கள் கல்லூரி ஓபி கூச்சமாக இருந்தால் வேறு ஊரில். உயிரை விடும் எண்ணத்தைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு பூஜ்யம் தவிர எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே யாரிடமாவது பேசுங்கள்.

இன்னொன்று. அதே மிச்சிகன் குழு 1,565 பேருக்கு ஆறு மாதம் போனில் ஊக்கக் குறிப்புகளை அனுப்பிப் பார்த்தது. முந்தைய வாரம் மனம் சோர்ந்திருந்தவர்களுக்குச் சிறிது உதவியது. நன்றாக இருந்தவர்களுக்கோ அது கீழே இழுத்தது! ‘எழுந்து நடங்கள்’ என்று வாட்ச் பிறாண்டினால் உங்களுக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். அந்த அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள்.

*ஐசியுவில் வாட்சைக் கழற்றச் சொல்கிறார் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் சிஸ்டர். கழற்றினால் டேட்டா விட்டுப்போகிறது. மோதிர வடிவில் வருவதைப் போடலாமா?*
*– முதலாண்டு பிஜி (முதுநிலை) மாணவர், சென்னை*

சிஸ்டர் சொல்வது சரி. ஐசியு, தியேட்டர் போன்ற இடங்களில் முழங்கைக்குக் கீழே வாட்ச், வளையல், மோதிரம், கயிறு எதுவும் கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் ஏற்கெனவே மத்திய அரசு மருத்துவமனைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. கிருமிக்கு டேட்டா பற்றிக் கவலை கிடையாது. மோதிரமும் ஆகாது. மேல் கையில் கட்டும் வகை கிடைக்கிறது, சட்டைக் கைக்குள் மறைந்துவிடும். அது இல்லையென்றால் தூங்கும்போது மட்டும் கட்டுங்கள், பயனுள்ள தகவலில் பெரும்பகுதி அப்போதுதான் கிடைக்கிறது.

*கோவையில் தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. புதிதாகச் சேர்ந்த எங்கள் எல்லாருக்கும் ‘நலத் திட்டம்’ என்று இலவசமாக பேண்ட் தருகிறார்கள். ஃபார்மில் கையெழுத்துக் கேட்கிறார்கள். மற்றவர்கள் போட்டுவிட்டார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆப்பில் பீரியட்ஸ் தேதிகூடக் கேட்கிறது. போடாவிட்டால் இன்சார்ஜ் என்ன நினைப்பார்கள்?*
*– பெயர் வேண்டாம்*

உங்கள் தயக்கம் சரியான தயக்கம். நானாக இருந்தால் இரண்டு நாள் கழித்துத் தருகிறேன் என்று ஃபார்மை வீட்டுக்கு எடுத்துப் போவேன்.

மேலே சொன்ன மிச்சிகன் ஆய்வில் இளம் டாக்டர்கள் விரும்பிச் சேர்ந்தார்கள். வேலைக்குச் சேருவதற்கு முன்பே கேட்கப்பட்டார்கள். தகவல் போனது ஆராய்ச்சிக் குழுவுக்கு, சம்பளம் போடுகிறவருக்கு அல்ல. இந்த வித்தியாசம்தான் எல்லாம். உங்கள் நைட் டியூட்டித் தூக்கத்தைப் பார்க்கிறவரும் அடுத்த மாத ரோஸ்டரைப் போடுகிறவரும் ஒரே ஆள் என்றால் அந்தத் திட்டத்துக்கு நலம் என்று பெயர் வைப்பது கொஞ்சம் அதிகம்.

அந்தப் பட்டைக்கு என்னவெல்லாம் தெரியும் என்று யோசியுங்கள். அதிகாலை மூன்று மணிக்கு நர்ஸிங் ஸ்டேஷன் மேஜையில் தலை சாய்த்தது தெரியும். ஆஃப் நாளில் எங்கே போனீர்கள் என்பது, ஜிபிஎஸ் இருந்தால், தெரியும். கர்ப்பம் தரித்த தொடக்கத்திலேயே ஓய்வு நேரத் துடிப்பு ஏறும், பீரியட்ஸ் தேதியும் தள்ளிப்போகும். கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கும்போது ‘இப்போதைக்குக் குழந்தை உண்டா’ என்று நாசூக்காகக் கேட்கும் இடங்கள் உண்டு, எனக்குத் தெரியும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. அங்கெல்லாம் இந்தத் தகவலும் அதே பீரோவுக்குத்தான் போகும்.

ஃபார்மைப் படிக்கும்போது சில விஷயங்களைத் தேடுங்கள். என் பெயரோடு இருக்கும் பதிவை யார் திறந்து பார்க்க முடியும்? எச்ஆருக்கோ நர்ஸிங் சூப்பரிண்டெண்டுக்கோ காட்டுவார்களா? வேலையை விட்டுப் போனால் அழிப்பார்களா, எத்தனை நாளில்? வேலை மதிப்பீட்டுக்கு, இன்க்ரிமென்ட்டுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் இருக்கிறதா? பெயர் இல்லாமல் வார்டு வாரியாகத்தான் பார்ப்போம் என்றால், வார்டில் எத்தனை பேர்? ஆறு பேர் உள்ள டயாலிசிஸ் யூனிட்டில் பெயரை மறைத்து என்ன பயன்? ஒரு டீ குடிப்பதற்குள் யார் என்று சொல்லிவிடுவார்கள்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் துணை. அதன் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சம்மதம் என்பது தானாக விரும்பிக் கொடுத்ததாக இருக்க வேண்டும், கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். சம்மதக் கோரிக்கையைத் தமிழிலும் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆனால் அதே சட்டத்தில் ‘வேலை தொடர்பான நோக்கங்களுக்காக’ என்று முதலாளிக்கு ஒரு ஜன்னலும் திறந்து வைத்திருக்கிறார்கள். அதனால் சட்டம் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட முடியாது.

பதில் திருப்தியாக இருந்தால் சேருங்கள். பீரியட்ஸ் கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஜிபிஎஸ்ஸை அணையுங்கள், ஆப்பை உங்கள் சொந்த மெயிலில் தொடங்குங்கள். திருப்தி இல்லையென்றால், இன்சார்ஜ் சிஸ்டரிடம் சட்டம் பேச வேண்டாம். ‘பட்டை கட்டினால் கை அரிக்கிறது சிஸ்டர்’ என்று சொல்லுங்கள். ஒரு ஷிஃப்டில் நூறு தரம் சானிடைசர் படும் கை, அதற்கு மேல் ரப்பர் பட்டை. பாதிப் பேருக்கு அது உண்மையாகவும் இருக்கும்.

*எங்கள் கல்லூரியில் இந்த ஆண்டு 150 சிஆர்ஆர்ஐகளுக்கும் பேண்ட் வாங்கித் தர ஒரு நன்கொடையாளர் முன்வந்திருக்கிறார். எந்த வகை நல்லது, எதையெல்லாம் கண்காணிக்கலாம் என்று சொல்ல முடியுமா?*
*– மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்*

சார், வகையைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. டியூட்டி ரூமில் எத்தனை கட்டில் இருக்கிறது? கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா? பெண்கள் பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா? நன்கொடையாளரிடம் இதைக் காட்டிப் பேசிப் பாருங்கள்.

ரோஸ்டர் எப்படி இருக்க வேண்டும் என்று புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ரெசிடென்ட் டாக்டர்களுக்குத் தொடர் வேலை சாதாரணமாக நாளுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே சொல்லிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-இல் தந்த அறிக்கை வாரத்துக்கு 74 மணி நேரம் போதும், வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும், ஏழு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது. அந்தக் குழுவின் ஆன்லைன் கணக்கெடுப்பில் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்ன முதுநிலை மாணவர்கள் 31.2 சதவீதம். இதை அளக்க யாரும் பட்டை கட்டவில்லை, கேட்டார்கள், சொன்னார்கள். நோயாளிகள் பக்கமிருந்து பார்த்தாலும் கதை ஒன்றுதான். 2004-இல் பாஸ்டனில் ஐசியு இன்டர்ன்களின் டியூட்டியை நீட்டியும் குறைத்தும் ஒப்பிட்டபோது, 24 மணி நேரத்தைத் தாண்டும் பழைய ரோஸ்டரில் கடுமையான மருத்துவப் பிழைகள் 36 சதவீதம் அதிகம்.

பட்டை வாங்கியே தீர வேண்டுமென்றால் 150 வேண்டாம். விரும்பி வரும் முப்பது பேருக்கு மட்டும் கொடுங்கள். இரண்டு மாதம் இப்போதைய ரோஸ்டர், அடுத்த இரண்டு மாதம் மறுநாள் காலை ரவுண்ட்ஸோடு வீட்டுக்கு அனுப்பும் ரோஸ்டர். தூக்க நேரம், படுக்கும் நேரத்தின் ஒழுங்கு, தினமும் ஒரு மனநிலை மதிப்பெண், மாதம் ஒரு பி.எச்.க்யூ-9. இதற்கு மேல் எதையும் எடுக்காதீர்கள். கணக்கைக் கம்யூனிட்டி மெடிசின் துறையிடம் கொடுங்கள், எத்திக்ஸ் கமிட்டி வழியாக. தனி ஆளின் பதிவு எந்த யூனிட் சீஃப் மேஜைக்கும் வரக் கூடாது. உங்கள் மேஜைக்கும்தான். ஒன்பதாவது கேள்விக்கு ஒருவர் ‘ஆம்’ என்று போட்டால் இரவு பதினொரு மணிக்கு யார் போனை எடுப்பார்கள் என்பதை முதல் பட்டையைக் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

*என் மனைவி ஸ்டாஃப் நர்ஸ். நைட் முடித்து ஸ்கூட்டியில் 14 கிலோமீட்டர் வருகிறாள். தூக்கக் கலக்கத்தை முன்கூட்டியே சொல்லும் வாட்ச் இருக்கிறதா?*
*– வாசகர், ஈரோடு*

அதை நம்பி ஸ்கூட்டி ஓட்டும் அளவுக்கு எதுவும் இல்லை. 1997-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கண்ணும் கையும் சேர்ந்து இயங்கும் திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவர் அளவுக்குக் குறைந்திருந்தது. 24 மணி நேரத்தில் அது 0.10 அளவைத் தொட்டது. நம் ஊரில் வண்டி ஓட்டுபவருக்கு வரம்பு 0.03. முதல் நைட்டுக்குப் போகும் அன்று பகலில் தூங்காமல் கிளம்பியிருந்தால், அடுத்த ஷிஃப்டிடம் வார்டை ஒப்படைத்துவிட்டு வாசலுக்கு வரும்போது அவர் 24 மணி நேரத்தை நெருங்கியிருப்பார். அமெரிக்க இன்டர்ன்களிடம் 2005-இல் பார்த்ததில் நீண்ட டியூட்டிக்குப் பிறகு வண்டி மோதும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல்.

முதல் நைட் அன்று மத்தியானம் இரண்டு மணி நேரமாவது அவர் படுக்கட்டும், அந்த நேரத்தில் குழந்தையும் சமையலும் உங்கள் பொறுப்பு. காலையில் பஸ் இருந்தால் பஸ். இல்லையென்றால் கிளம்பும் முன் ஆஸ்பத்திரியிலேயே ஒரு டீ குடித்து இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டு வரட்டும். நீங்கள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள் என்று எழுதவில்லை. ஏழரை, எட்டுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க முடியுமானால் வாட்சுக்கு வைத்திருக்கும் பணத்தைப் பெட்ரோலுக்குப் போடுங்கள்.